வெளியூரில் பிள்ளைக்குப் போட்டியா? பை கட்டும் முன் 24 குறிப்புகள்

என் மகள் நீளம் தாண்டுகிறவள். ஆறு வருஷமாக அவள் எங்கே தாண்டப் போனாலும் திண்டுக்கல்லிலிருந்து நாங்களும் மூட்டை முடிச்சோடு பின்னால் போகிறோம். முதல் தடவை சென்னைக்குப் போனபோது எட்டுப் பேர், பதினோரு பை. முறுக்கு டின் இருந்தது, அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டி இருந்தது, தம்பியின் கிரிக்கெட் மட்டைகூட இருந்தது. ஸ்பைக்ஸ் ஷூ மட்டும் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது. யாரோ ஒரு பிள்ளை இரக்கப்பட்டுக் கொடுத்த, ஒரு சைஸ் பெரிய ஷூவை மாட்டிக்கொண்டு தாண்டினாள். பதினான்காவது இடம். அன்று ராத்திரி ரயிலில் எழுத ஆரம்பித்த நோட்டிலிருந்துதான் இவற்றைத் தருகிறேன். எங்கள் வீட்டு விளையாட்டு தடகளம் என்பதால் உதாரணமெல்லாம் அதைச் சுற்றியே வரும். நீச்சல், கபடி, செஸ் என்று போகிறவர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

1. யார் யார் போவது என்பதைப் பிள்ளையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நாங்கள் கேட்டபோது, "அப்பத்தா வரட்டும், சித்தப்பா வேண்டாம்" என்றாள். சித்தப்பா நல்ல மனிதர்தான். ஆனால் இட்லி சாப்பிடும்போதும் "இன்னிக்குக் கோல்டுதானே?" என்பார். அப்பத்தாவுக்குத் தங்கமும் தெரியாது, வெண்கலமும் தெரியாது; தலை வாரிவிடத் தெரியும். பெரியவர்கள் இருவர் போதும். ஒருவர் பிள்ளையோடு, இன்னொருவர் பை, சாப்பாடு, ஆட்டோ.

2. அறை பிடிக்கும் முன் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். போட்டி நாள் பெரிய முகூர்த்த நாளாக இருந்தால் எந்த ஊரிலும் லாட்ஜ் கிடைக்காது. திருவண்ணாமலையில் போட்டி, அன்றைக்குப் பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்தில் அறை மட்டுமல்ல, பஸ்ஸில் நிற்க இடமும் கிடைக்காது. நாகப்பட்டினம் பக்கம் போகிறவர்கள் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா என்பதை நினைவில் வையுங்கள். எங்கள் பக்கத்துப் பழனிக்குத் தைப்பூசத்தில் வருகிறவர்களுக்கும் இதே கதிதான்.

3. ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. 2024 நவம்பர் வரை அது 120 நாளாக இருந்தது. போட்டித் தேதியோ பல நேரம் இரண்டு வாரத்துக்கு முன்புதான் தெரியவரும். அதனால் தட்கல்தான் கதி. வண்டி கிளம்பும் இடத்திலிருந்து புறப்படும் நாளுக்கு முந்தைய நாள், ஏசி வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கும். கணக்கில் ஆதாரை முன்கூட்டியே இணைத்து வைத்தால்தான் இணையத்தில் எடுக்க முடியும். பத்து மணிக்கு உட்கார்ந்து அதைத் தேடாதீர்கள். ஒரு தட்கல் டிக்கெட்டில் 4 பேர்தான். ஐந்தாவது ஆள் இருந்தால் குறிப்பு 1-ஐ மறுபடி படிக்கவும்.

4. பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. உறுதியான டிக்கெட்டைக் குடும்பத்தில் இன்னொருவர் பெயருக்கு மாற்றலாம். வண்டி புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்னால் முன்பதிவு அலுவலகத்தில் டிக்கெட், அடையாள அட்டை, உறவைக் காட்டும் ரேஷன் கார்டு போன்ற சான்று ஆகியவற்றோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா, அம்மா, கணவன், மனைவி, மகன், மகள், உடன்பிறந்தவர்கள், இவ்வளவு பேருக்குத்தான் இது பொருந்தும். கடைசி நேரத்தில் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காமல் போன வருஷம் இதுதான் எங்களைக் காப்பாற்றியது. என் பெயருக்கு மாற்றிக்கொண்டு நான் போனேன். 

5. 5 வயதிலிருந்து 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுத்தால் படுக்கை கிடையாது. படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். தம்பி தங்கைக்கு அரை டிக்கெட் எடுத்து மடியில் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் ஓடப்போகிற பிள்ளைக்கு மட்டும் அந்த மிச்சம் பிடிக்காதீர்கள். அப்புறம், ரயில் பெட்டியில் செல்போன் சார்ஜ் போடும் பிளக்குக்கு ராத்திரி 11 மணி முதல் 5 மணி வரை மின்சாரம் நிறுத்திவிடுவார்கள். பதினொன்றுக்கு முன்பே போட்டு முடியுங்கள்.

6. போட்டிக்கு முதல் நாள் மதியத்துக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்தபடி வந்து, காலையில் இறங்கி நேராக மைதானத்துக்குப் போன பிள்ளையின் கால் கட்டையாக இருக்கும். வடமாநிலம் என்றால் கணக்கு வேறு. மாவட்டங்களுக்கு இடையேயான தேசிய ஜூனியர் தடகளப் போட்டி 2023-ல் பாட்னாவில், 2024-ல் அகமதாபாத்தில், இரண்டுமே பிப்ரவரியில் நடந்தன. அதற்கும் முன்னால், டிசம்பர், ஜனவரியில் போட்டி வந்தால், வட இந்தியப் பக்கம் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஒரு முழு நாள் உபரி வையுங்கள். காலை வெப்பமும் பத்து டிகிரிக்குக் கீழே போகும். நம் பிள்ளைகளுக்கு அந்தக் குளிரில் உடம்பு சூடேறக் கூடுதல் நேரம் வேண்டும். முழுக்கால் பேண்ட், குல்லா, கையுறை எல்லாம் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

7. சென்னைக்குத் தெற்கிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் இப்போது இறங்குவது கிளாம்பாக்கத்தில். பெரியமேட்டில் இருக்கும் நேரு ஸ்டேடியம் அங்கிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். காலை ஏழு மணிக்கு மேல் அந்தச் சாலையில் ஆட்டோ எடுத்தால் காசும் போகும், நேரமும் போகும். வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினால், ஸ்டேடியம் கிட்டத்தில்தான். எழும்பூர், பெரியமேடு பக்கம் அறை எடுத்தால் மறுநாள் நடந்தே போய்விடலாம்.

8. நான்கைந்து குடும்பம் சேர்ந்து வேன் பிடிப்பது லாபம். கிலோமீட்டர் வாடகை, டிரைவர் பேட்டா, சுங்கக் கட்டணம், வெளிமாநிலம் என்றால் பர்மிட் எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே பேசி எழுதி வாங்குங்கள். டிரைவருக்கும் படுக்க இடம் ஏற்பாடு செய்யுங்கள். ஒருமுறை எல்லோரும் அறையில் தூங்க, அவர் மட்டும் கொசுக்கடியில் வேனுக்குள் கிடந்தார். திரும்பி வரும்போது மேலூர் தாண்டி வண்டி ஒரு பக்கமாக இழுத்ததும்தான் எங்களுக்கு உறைத்தது.

9. காகிதங்களுக்குத் தனியாக ஒரு ஃபைல். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியின் போனஃபைட், அனுமதிக் கடிதம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பத்து, எல்லாவற்றுக்கும் மூன்று நகல். வயதுப் பிரிவை இந்த விளையாட்டில் கறாராகப் பார்ப்பார்கள். சில போட்டிகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தும் சோதிப்பதுண்டு. அறிவிப்பில் எந்தச் சான்று, எந்தத் தேதிக்குள் வாங்கியது என்று கேட்டிருக்கிறார்களோ அதையே கொண்டு போங்கள். "போன தடவை இதைத்தானே கொடுத்தோம்" என்ற வாதம் எந்த மேஜையிலும் எடுபட்டதில்லை.

கிடைத்த விளையாட்டுச் சான்றிதழை ஆசையாக லேமினேட் செய்துவிடாதீர்கள். பின்னால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அதன்மேல் கையெழுத்து, முத்திரை கேட்டால் சிக்கல். மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டாலே போதும்.

10. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து வையுங்கள். பத்து வயதானாலே திறக்கலாம். முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் தனிநபர் பிரிவில் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய், இரண்டாவது 75,000, மூன்றாவது 50,000 என்று கொடுத்தார்கள். அது கணக்கில்தான் வரும். பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பள்ளிச் சான்றில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருந்தால் பணம் வருவதற்குள் பிள்ளை அடுத்த வயதுப் பிரிவுக்குப் போய்விடும். மூன்றிலும் பெயரைக் கோடைவிடுமுறையிலேயே ஒன்றாக்கிவிடுங்கள்.

11. ஷூ, போட்டி உடை, நெஞ்சு எண் மூன்றும் ஒரே சின்னப் பையில், தோளில் தொங்க வேண்டும். சீட்டுக்கு அடியிலும் போடக் கூடாது, வேன் கூரையிலும் ஏற்றக் கூடாது. அந்தப் பையைப் பிள்ளையே அடுக்கட்டும். போட்டிக்கு முன் பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கும் கால் ரூம் என்ற இடத்துக்குள் போய்விட்டால் அம்மா அப்பாவுக்கு அனுமதி இல்லை. செல்போனும் உள்ளே போகாது. சாக்ஸ் எந்த மூலையில் இருக்கிறது என்று அங்கே நின்று யாரிடம் கேட்பாள்?

12. ஸ்பைக்ஸின் ஆணிகளை வீட்டிலேயே பாருங்கள். செம்மண் தடத்தில் பழகும் பிள்ளைகள் நீளமான ஆணி போட்டிருப்பார்கள். சிந்தெடிக் தடத்தில் 9 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது (உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12). சில மைதானங்களில் இன்னும் குறைவாகக் கேட்பார்கள். கால் ரூமில் நடுவர் ஷூவைத் திருப்பிப் பார்க்கும்போதுதான் இது தெரியவந்தால் கை நடுங்கும். ஆணி கழற்றும் சாவி, குட்டை ஆணி ஒரு செட், துருப்பிடித்த ஆணிக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். ஸ்பைக்ஸோடு சிமெண்ட் தரையில் நடக்க விடாதீர்கள், முனை மழுங்கிவிடும். ஷூ நனைந்துவிட்டால் பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணிக்கொரு தரம் மாற்றுங்கள். காலைக்குள் காய்ந்துவிடும், வாடையும் போய்விடும். வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும்.

13. ஊக்கு. நெஞ்சு எண்ணுக்கு முன்னால் நான்கு, பின்னால் நான்கு. பன்னிரண்டு ஊக்கைப் பையின் வாரிலேயே குத்தி வைத்துவிட்டால் தேட வேண்டாம்.

14. தாண்டுகிற பிள்ளைகளுக்கு ஓடுதளத்தின் ஓரத்தில் அடையாளம் வைக்க வண்ண ஒட்டுப்பட்டை தேவைப்படும். சாக்பீஸால் கோடு போட அனுமதி இல்லை. ரன்-அப் தூரத்தை அளக்க நீள டேப் கோச்சிடம் இருக்கும். அவர் இல்லாத போட்டிக்கு அவளே பாதத்தால் அளப்பாள். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஷூப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறோம். நான் ஒருமுறை தையல் டேப்பை நீட்டினேன். ஒன்றரை மீட்டர் டேப்பால் முப்பது மீட்டரை அளந்து முடிப்பதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

15. காலையில் தகுதிச்சுற்று, மாலையில் இறுதிச்சுற்று, ஒரே ஜெர்சி. துவைத்துப் பிழிந்ததும் உலர்ந்த துண்டின்மேல் விரித்து, துண்டோடு சேர்த்துப் பாய்போலச் சுருட்டி, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து முறுக்குங்கள். ஈரத்தில் பாதியைத் துண்டு குடித்துவிடும். பிறகு மின்விசிறிக்கு நேர்கீழே கொடியில் போட்டால் ஒன்றரை மணி நேரம் போதும். லாட்ஜில் கொடி இருக்காது. பத்தடி நைலான் கயிறும் நான்கு கிளிப்பும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

16. வழிச் சாப்பாட்டில் நம் பாட்டிகளை மிஞ்ச ஆளில்லை. நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை மறுநாள்வரை நிற்கும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஒரு ராத்திரி தாங்கும். தேங்காய்ச் சாதம், தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். எதுவானாலும் தாம்பாளத்தில் கொட்டி ஆறவிட்டுத்தான் டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி வியர்த்து அதுவே கெடுக்கும். வாழையிலையில் கட்டுகிறவர்கள் இலையை லேசாக அனலில் வாட்டிக்கொள்ளுங்கள், கிழியாது.

தயிர் சாதத்துக்கு எங்கள் அப்பத்தாவின் கணக்கு: குழைந்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி. காலையில் கிளம்பும்போது பால்சாதம், மதியம் திறக்கும்போது புளிக்காத தயிர்சாதம்.

பழத்துக்குச் சிறுமலை வாழை. தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே கெடாது. இடையில் கொறிக்கக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், பேரீச்சை. சிப்ஸ் பாக்கெட் தம்பிக்கு மட்டும். அவன் தாண்டப் போவதில்லை.

17. போட்டி நாளன்று புதிதாக எதையும் சாப்பிட வைக்காதீர்கள். பதற்றத்தில் இருக்கும் வயிற்றுக்கு அந்த ஊரின் புகழ்பெற்ற பரோட்டாவும் தெரியாது, ஹோட்டலின் பெயரும் தெரியாது. எங்கள் வீட்டுக் கணக்கு இது: போட்டிக்கு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி நான்கு, சாம்பார் கொஞ்சம், எண்ணெய்ப் பலகாரம் இல்லை. ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம். அதன்பிறகு வாயை நனைக்கத் தண்ணீர் மட்டும். முடிந்து அரை மணிக்குள் பாலோ முட்டையோ சுண்டலோ ஏதாவது ஒன்று. காலை ஏழு மணிக்குப் போட்டி என்றால் நான்கு மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது. முதல் நாள் மாலையே லாட்ஜ் பக்கத்து மெஸ்காரரிடம் பேசி வையுங்கள். பிள்ளை ஓடப்போகிறாள் என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் கெட்டி அவல் இருக்கவே இருக்கிறது. வெந்நீரில் ஊறப்போட்டு வெல்லம் கலந்தால் முடிந்தது.

18. நம் ஊர்ச் செஸ் பிள்ளைகள் வைஷாலி, பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமி வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் சாதக் குக்கரைக் கையோடு கொண்டு போனது பத்திரிகைகளில் வந்த செய்தி. அதைப் படித்ததும் நானும் ஒன்று வாங்கினேன். ரசமும் சாதமும் கிடைத்துவிட்டால் பாதி ஊர் நம் ஊராகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அறை பிடிக்கும்போதே குக்கருக்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். ஒருமுறை நான் போட்ட குக்கரில் ஒரு மாடி முழுக்க ஃபியூஸ் போய், இருட்டில் பதினேழு பேரிடம் மன்னிப்புக் கேட்டேன். ரயிலில் சார்ஜ் போடும் பிளக்கில் கெட்டில், குக்கர் எதையும் சொருகவே கூடாது. அது குற்றம், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

19. வெயிலில் நாள் முழுக்க உட்காரும்போது வெறும் தண்ணீர் போதாது. மோரில் உப்பும் இஞ்சியும் போட்டு ஒரு பிளாஸ்க். கூடவே ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு. அதை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பாதிப் பொடியைச் சின்னப் பாட்டிலில் தட்டிவிடுவது நம் எல்லோருக்கும் இருக்கும் கெட்ட பழக்கம். கடையில் பழச்சுவையோடு அட்டைப் பெட்டியில் விற்பதெல்லாம் ஓ.ஆர்.எஸ். அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கும் பாக்கெட்டா என்று பார்த்து வாங்குங்கள். சர்க்கரைப் பானங்களுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் தடை போட்டது. பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

20. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். போட்டிக்கு முன் பிள்ளைக்கு இருமல் என்றால் வீட்டில் இருக்கும் சிரப்பை ஊற்றிவிடுவோம். நம் ஊர் இருமல் சிரப்புகள் பலவற்றில் டெர்பூட்டலின் இருக்கிறது. அது தடைசெய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலில் உள்ளது. சளிக்குப் போடும் சில மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரினும் போட்டி நாளில் சிக்கலைத் தரும். தெரியாமல் அம்மா கொடுத்தாள் என்பதைச் சோதனையில் யாரும் ஏற்க மாட்டார்கள். பிள்ளை தேசிய அளவுக்குப் போகிறாள் என்றால், டாக்டரிடம் முதல் வார்த்தையாக "இவள் போட்டிக்குப் போகிறவள்" என்று சொல்லுங்கள். மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஜிம்காரரோ சீனியரோ தரும் பெயர் தெரியாத பவுடரைத் தொடவே தொடாதீர்கள். காய்ச்சலுக்கான பாரசிட்டமால் அந்தப் பட்டியலில் இல்லை. அதைப் பையில் வைக்கலாம்.

21. பெண்பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போட்டுப் பழகிய, தேதியைத் தள்ளிப்போடும் மாத்திரையைப் போட்டிக்காக நீங்களாகக் கொடுக்காதீர்கள், டாக்டரைக் கேட்டுத்தான். தேதி நெருங்கினாலும் நெருங்காவிட்டாலும் நாப்கின், அடர்நிற ஷார்ட்ஸ் ஒன்று கூடுதலாக, பழைய பேப்பர், ஒரு குட்டி வெந்நீர்ப் பை. மைதானத்துக் கழிப்பறையை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். சோப்பு, ஒரு குவளை, இரண்டு பாட்டில் தண்ணீர் நம்மிடமே இருக்கட்டும். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று பயந்து பிள்ளைகள் வறண்ட தொண்டையோடு ஓடுகிறார்கள். இதை எந்தக் கோச்சும் கவனிப்பதில்லை, அம்மாக்கள்தான் கவனிக்க வேண்டும்.

22. கால் பிசகினால் உடனே தைலம் போட்டுத் தேய்க்காதீர்கள். முதலில் ஐஸ். மைதானத்தில் ஐஸ் கிடைக்காதே என்பீர்கள். வாசலில் சைக்கிள்காரர் விற்கும் பாக்கெட் ஐஸ் கிடைக்கும். நான்கு வாங்கித் துண்டில் சுற்றி, 15 நிமிடம் வைத்து எடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி. நேராகத் தோலில் வைக்கக் கூடாது. காலை ஊன்றவே முடியவில்லை, வீக்கம் ஏறுகிறது என்றால் போட்டியை மறந்து எக்ஸ்ரேக்குப் போங்கள்.

23. கேலரியில் நாம் எப்படி இருக்க வேண்டும்? ஓட்டப் போட்டியில் "செட்" சொல்லும்போது மூச்சுகூடச் சத்தமாக விடாதீர்கள். உங்கள் விசிலில் ஒரு பிள்ளை முந்திக் கிளம்பினால் அந்த ஒரு தவறிலேயே வெளியே அனுப்பிவிடக்கூடும், உங்கள் பிள்ளையாகக்கூட இருக்கலாம். தடத்தின் ஓரத்தில் கூடவே ஓடி வேகம் காட்டுவது விதிப்படி வெளியுதவி, பிள்ளைக்குத்தான் தண்டனை. எங்கள் வீட்டுக்காரர் ஒரு 400 மீட்டரில் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதிச் சுற்று ஓடினார். நடுவர் கூப்பிட்டு உட்கார வைத்தார். அன்றிலிருந்து தம்பியை அவர் பொறுப்பில் விட்டுவிட்டோம். சீட்டுக்கட்டு, வரைகிற நோட்டு, அடுத்த போட்டி எது என்று அறிவிப்பைக் கேட்டுச் சொல்லும் வேலை, இவை அவனுக்கு. சின்னப் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் "எப்பம்மா வீட்டுக்குப் போவோம்" என்ற கேள்வி வராது.

சொந்தக்காரர்களுக்கு ஒரே குரூப்பில் ஒரே செய்தி, எல்லாம் முடிந்த பிறகு. இடையில் வரும் எந்த அழைப்பையும் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். ராத்திரி அறையில் குறட்டை விடுகிறவருக்குத் தனி அறை, இல்லையென்றால் வராந்தா.

24. போன வருஷம் ஒரு போட்டியில் அவளுடைய மூன்று தாண்டலும் ஃபவுல், மூன்றிலும் கால் மிதிபலகையைத் தாண்டிவிட்டது. அளவே இல்லை, பட்டியலில் பெயருக்கு நேரே வெறும் கோடு. வெளியே வந்தவளிடம் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், நான் காலை மிதித்தேன். அப்பத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஏண்டி, அந்தப் பலகையை இன்னும் ரெண்டு அடி தள்ளிப் போட்டா என்னவாம் அவிங்களுக்கு?" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். ஊர் போய்ச் சேரும்வரை அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம். மூன்றாம் நாள் அவளே கோச்சிடம் போய்ப் பேசினாள். ரன்-அப் எண்ணை மாற்றிச் சீட்டில் எழுதினாள். ஜெயித்து வரும்போதும் அதே சட்டம்தான். பக்கத்து சீட்டுக்காரருக்குப் பதக்கத்தை எடுத்துக் காட்டும் உரிமை மட்டும் அப்பத்தாவுக்கு உண்டு.

வந்த அன்றைக்கே துணியை ஊறப்போட்டு, ஊக்கு, கயிறு, சாவி, சோப்பு, சீட்டு எல்லாம் மறுபடி அதே பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். இத்தனை வருஷமாகியும் எனக்குக் கைவராத விஷயம் ஒன்று உண்டு: வெள்ளை சாக்ஸில் ஏறும் செம்மண் கறை. எலுமிச்சை, உப்பு, கல்லில் அடித்தது எல்லாம் பார்த்தாகிவிட்டது. போக்கும் வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.